பிளஸ் டூ வேதியியல் தடுமாறுகிறதா? அறிகுறியிலிருந்து கோளாறு வரை

"அயனிச் சமநிலை எனக்கு வரவே வராது சார்" என்று சொல்லி ஒரு மாணவி நோட்டை நீட்டினாள். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பிஹெச் கேட்ட கணக்கு. பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.34 × 10⁻³ என்று அழகாகக் கொண்டுவந்திருந்தாள். அதுவரை ஒரு பிழையும் இல்லை. கடைசி வரியில் பிஹெச் 3.13 என்று இருந்தது. சரியான விடை 2.87. மூன்றிலிருந்து 0.13-ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டாள். அந்தப் பாடத்தை அவள் மூன்று முறை எழுதிப் படித்திருந்தாள். ஆனால் கோளாறு அந்தப் பாடத்திலேயே இல்லை, மடக்கையில் இருந்தது. இரண்டு நாள் மாலை வேறு எதையும் தொடாமல் மடக்கை மட்டும் போட்டாள். அதற்கப்புறம் அயனிச் சமநிலை கணக்குகளில் அவள் திணறவே இல்லை.

ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது, சற்றுத் தள்ளித்தான் இருக்கும். பிளஸ் டூ வேதியியலும் அப்படித்தான். மார்க் போவது மின்வேதியியலில், அணைவு வேதியியலில், கரிம நைட்ரஜன் சேர்மங்களில். உடைப்பு இருப்பது பிளஸ் ஒன் புத்தகத்தில், பல நேரம் அதன் முதல் பாடத்தில். பிளஸ் ஒன் பாடங்களை ஓட்டமாக முடித்துவிட்டு வந்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். அவர்கள் மேல் தவறில்லை, நிதானமாகப் படிக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ அங்கே போங்கள். அங்கே கொடுத்திருக்கும் சோதனைக் கேள்வியைப் புத்தகத்தை மூடிவிட்டுப் போடுங்கள். சரியாக வந்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது, அடுத்ததைப் பாருங்கள். பல அறிகுறிகள் ஒன்றாகத் தெரிந்தால் முதலில் மோல், அடுத்து ஆக்சிஜனேற்ற எண், அப்புறம் மடக்கை என்று போங்கள். இந்த மூன்றும் சரியானால் மற்றவற்றில் பாதி தானாகச் சரியாகும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஏப்ரல், மே விடுமுறை இதற்குப் போதும்.

அறிகுறி: கணக்கைப் பார்த்ததும் "எந்த ஃபார்முலா?" என்று கை தேடுகிறது

கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் ஃபார்முலாவைத் தேடுகிறீர்கள் என்றால், மோல் உங்களுக்கு இன்னும் ஓர் எண்ணிக்கையாகப் பழகவில்லை.

சோதனை: 9 கிராம் தண்ணீரில் எத்தனை மோல்? எத்தனை மூலக்கூறு? எத்தனை ஹைட்ரஜன் அணு?

அரை மோல். 3.011 × 10²³ மூலக்கூறுகள். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் என்பதால் 6.022 × 10²³ ஹைட்ரஜன் அணுக்கள். முதல் இரண்டும் வந்து மூன்றாவதில் தடுக்கினால், மூலக்கூறையும் அணுவையும் ஒன்றாக எண்ணுகிறீர்கள். ஒரு டஜன் சைக்கிளில் இரண்டு டஜன் சக்கரம், அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை: 1 மோல் தண்ணீர் எவ்வளவு இடத்தை அடைக்கும்? 22.4 லிட்டர் என்று எழுதினீர்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். 1 மோல் தண்ணீர் 18 கிராம், அதாவது ஏறக்குறைய 18 மில்லிலிட்டர். உள்ளங்கைக் குழியில் அடங்கிவிடும். 22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியஸிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் மட்டும். எண்ணை மனப்பாடம் செய்தவர்கள் அதற்கான நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்.

வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொழுந்து வெற்றிலையானாலும் முற்றிய வெற்றிலையானாலும் ஒரு கவுளியில் இலைகளின் எண்ணிக்கை ஒன்றுதான். எடைதான் மாறும். மோலும் அப்படி ஓர் எண்ணிக்கை. 1 மோல் ஹைட்ரஜன் வாயு 2 கிராம், 1 மோல் ஆக்சிஜன் வாயு 32 கிராம், உள்ளே இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. முன்பு மோலை 12 கிராம் கார்பன்-12-ஐ வைத்து வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் நேரடியாகவே 6.02214076 × 10²³ துகள்கள் என்று வைத்துவிட்டார்கள். மோல் என்றால் எண்ணிக்கை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சரிசெய்ய: பத்து நாள், நாளுக்கு ஐந்து கணக்கு. ஃபார்முலா எழுதக் கூடாது. "58.5 கிராம் உப்பு ஒரு மோல், என்னிடம் 5.85 கிராம் இருக்கிறது, ஆகவே 0.1 மோல். அதை 500 மில்லிலிட்டர் கரைசலாக்கினேன், ஒரு லிட்டருக்கு 0.2 மோல்" என்று வாக்கியமாக எழுதுங்கள். முதல் இரண்டு நாள் நேரம் பிடிக்கும். நான்காம் நாள் வாக்கியம் மனதுக்குள்ளேயே ஓடும்.

அறிகுறி: ஸ்டெப் எல்லாம் சரி, விடை மட்டும் 2 மடங்கு, இரண்டரை மடங்கு தப்புகிறது

இது வினையின் மோல் விகிதத்தைப் பார்க்காமல் விட்டதால் வருவது. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு.

0.1 மோலார் ஆக்சாலிக் அமிலம் 20 மில்லிலிட்டர் எடுத்து, அமில ஊடகத்தில் 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கிறோம். எத்தனை மில்லிலிட்டர் செலவாகும்?

இரண்டு பக்கமும் செறிவையும் கனஅளவையும் பெருக்கிச் சமப்படுத்தினால் 100 மில்லிலிட்டர் வரும். அது தவறு. 5 மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு 2 மோல் பெர்மாங்கனேட் போதும். கையில் இருப்பது 2 மில்லிமோல் அமிலம், தேவை 0.8 மில்லிமோல் பெர்மாங்கனேட், ஆகவே 40 மில்லிலிட்டர். 100-ஐ 40-ஆல் வகுத்தால் இரண்டரை. அந்த இரண்டரை சமன்பாட்டின் 5-க்கும் 2-க்கும் உள்ள விகிதம். விடை எத்தனை மடங்கு தப்புகிறது என்று பார்த்தாலே எதை விட்டோம் என்று தெரிந்துவிடுகிறது, அதனால் தப்பான விடையை அடித்துவிட்டு ஓடாதீர்கள்.

நார்மாலிட்டியில் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஏனென்றால் சமான நிறைக்குள் அந்த விகிதம் ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டது. பெர்மாங்கனேட்டின் 158-ஐ 5-ஆல் வகுத்து 31.6, படிக ஆக்சாலிக் அமிலத்தின் 126-ஐ 2-ஆல் வகுத்து 63. அந்த 5-ம் 2-ம் எங்கிருந்து வந்தன என்று சொல்லத் தெரிந்தால் நார்மாலிட்டி உங்களுக்கு உதவும். தெரியாவிட்டால் அது கோளாறை மூடி மறைக்கும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. 28 கிராம் நைட்ரஜனும் 3 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? நைட்ரஜன் எடை அதிகம் என்பதால் பலர் அதிலிருந்து தொடங்கி 34 கிராம் என்கிறார்கள். 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும், இருப்பதோ ஒன்றரை மோல். முதலில் தீர்வது ஹைட்ரஜன். கிடைப்பது 17 கிராம் அம்மோனியா, மிச்சம் 14 கிராம் நைட்ரஜன். இரண்டையும் கூட்டுங்கள்: 31. போட்டதும் 31. கடைசியில் இந்தக் கூட்டலைச் செய்து பார்க்கும் பழக்கம் ஒன்று போதும், பல தவறுகள் அங்கேயே பிடிபடும்.

சமன்பாட்டைச் சமன் செய்யும்போது வாய்பாட்டுக்குள் இருக்கும் கீழ் எண்ணை மாற்றுகிறவர்களும் உண்டு. ஆக்சிஜன் ஒன்று குறைகிறதே என்று தண்ணீருக்குள் இன்னொரு ஆக்சிஜனைச் சேர்த்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, வேறு பொருள். முன்னால் போடும் எண்ணை மட்டும் தொடுங்கள்.

அறிகுறி: மின்வேதியியலும் அணைவுச் சேர்மங்களும் சேர்ந்தே குழப்புகின்றன

இரண்டும் வேறு வேறு பாடங்கள்போலத் தெரியும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஆக்சிஜனேற்ற எண்.

சோதனை, நான்கு கேள்விகள்: டைகுரோமேட் அயனியில் குரோமியம்? சோடியம் ஹைட்ரைடில் ஹைட்ரஜன்? பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடில் இரும்பு? அம்மோனியம் நைட்ரேட்டில் நைட்ரஜன்?

விடைகள்: +6. அடுத்தது −1. இரும்பு +2, ஏனென்றால் நான்கு பொட்டாசியத்தால் அணைவு அயனிக்கு −4, ஆறு சயனைடுக்கு −6, மீதி +2. கடைசிக் கேள்விதான் உண்மையான சோதனை. மொத்தமாகக் கூட்டிக் கழித்து +1 என்று எழுதினால் வழி பழகியிருக்கிறது, பொருள் பழகவில்லை. அம்மோனியம் அயனியில் இருக்கும் நைட்ரஜன் −3, நைட்ரேட்டில் இருப்பது +5. இரண்டு நைட்ரஜனும் ஒரே பொருளுக்குள் இருந்தாலும் ஒரே நிலையில் இல்லை. +1 என்பது அவற்றின் சராசரி மட்டுமே.

ஆக்சிஜனேற்ற எண்ணை ஒரு கணக்குப் பேரேடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிணைப்பிலும் இருக்கும் எலக்ட்ரான்களை, அதிகமாக இழுக்கும் அணுவின் பெயரில் முழுசாக எழுதிவிடுகிறோம். உண்மையில் அவை அப்படி முழுசாகப் போய்விடுவதில்லை. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7 என்றால் ஏழு எலக்ட்ரானும் கழன்று போன ஓர் அயனி உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று பொருளல்ல. அந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் ஏற வேண்டும். மாங்கனீசு +7-லிருந்து +2-க்கு இறங்கும்போது 5 எலக்ட்ரான் வாங்குகிறது. ஆக்சாலிக் அமிலத்தில் ஒவ்வொரு கார்பனும் +3-லிருந்து +4-க்குப் போகிறது, இரண்டு கார்பன், 2 எலக்ட்ரான். மேலே பார்த்த 5-ம் 2-ம் இங்கிருந்துதான் வந்தன.

இது பிடிபட்டால் ஃபாரடே விதிகளில் மனப்பாடம் செய்ய எதுவுமே இல்லை. 1 மோல் எலக்ட்ரானின் மின்சுமை ஏறத்தாழ 96,500 கூலும். தாமிர அயனிக்கு 2 எலக்ட்ரான் வேண்டும், வெள்ளி அயனிக்கு ஒன்று. ஆகவே 1,93,000 கூலும் செலுத்தினால் 63.5 கிராம் தாமிரம் படியும், அதே மின்சுமைக்கு 216 கிராம் வெள்ளி படியும்.

டேனியல் மின்கலத்தில் இன்னொரு பழைய தவறு நடக்கும். தாமிரத்துக்கு +0.34 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், மின்கலத்துக்கு 1.10 வோல்ட். இங்கே சிலர் 2 எலக்ட்ரான் ஆயிற்றே என்று மின்னழுத்தத்தையும் இரண்டால் பெருக்குவார்கள். பெருக்கக் கூடாது. தொட்டி பெரிதானால் தண்ணீர் அதிகமாகும், உயரம் அதிகமாகாது. மின்னழுத்தம் அந்த உயரம் மாதிரி.

அறிகுறி: காந்தத் திருப்புத்திறன் சில அயனிக்குச் சரியாக வருகிறது, சிலவற்றுக்குத் தப்புகிறது

இந்த அறிகுறியைக் கவனமாகப் பாருங்கள். இது ஒளிந்துகொள்ளும் கோளாறு. இரும்பின் எலக்ட்ரான் அமைப்பில் 3டி-யில் ஆறு, 4எஸ்-இல் இரண்டு. இரும்பு +2 அயனியாகும்போது பலர் 3டி-யிலிருந்து இரண்டை எடுத்துவிடுகிறார்கள், நிரப்பும்போது கடைசியாகப் போனது அதுதானே என்று. அப்படித் தவறாக எடுத்தாலும் 3டி-யில் நான்கு தனி எலக்ட்ரான், சரியாக எடுத்தாலும் நான்கு தனி எலக்ட்ரான். விடை இரண்டு வழியிலும் 4.90 போர் மாக்னட்டான். ஆசிரியர் டிக் போட்டுவிடுவார், கோளாறு உள்ளேயே இருக்கும்.

அதனால் சோதனைக்கு இரும்பு +3-ஐ எடுங்கள். சரியான வழியில் 4எஸ் முழுக்கக் காலியாகி 3டி-யில் ஒன்று குறையும். ஐந்து தனி எலக்ட்ரான், 5.92. தவறான வழியில் மூன்றுதான் இருக்கும், 3.87 வரும். விதி ஒன்றுதான்: இடைநிலை உலோகம் எலக்ட்ரானை இழக்கும்போது முதலில் போவது வெளிக்கூட்டில் இருப்பது, அதாவது 4எஸ். குரோமியம், தாமிரம் இரண்டின் விலக்கான அமைப்பையும் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: விடை ஆயிரம் மடங்கு தப்புகிறது, அல்லது குறி மாறுகிறது

பார்த்தவுடன் தெரியும், அலகு. வெப்ப இயக்கவியலில் என்தால்பியைக் கிலோஜூலில் கொடுப்பார்கள், என்ட்ரோபியை ஜூலில் கொடுப்பார்கள். அம்மோனியா உருவாகும் வினைக்கு, 2 மோல் அம்மோனியாவுக்கு, என்தால்பி மாற்றம் சுமார் −92 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் சுமார் கெல்வினுக்கு −198 ஜூல். 298 கெல்வினில் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றம் என்ன? ஜூலைக் கிலோஜூலாக மாற்றினால் −92 + 59 = −33 கிலோஜூல், வினை தானாக நடக்கக்கூடியது. மாற்றாவிட்டால் 58,912 என்று ஒரு மிகை எண் வந்து, நடக்கவே நடக்காது என்று முடிவெழுத வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதுங்கள், இடைப்பட்ட வரிகளிலும். வாயு மாறிலியை 8.314 என்று போட்டால் ஜூல், 0.0821 என்று போட்டால் லிட்டர்-வளிமண்டலம். வெப்பநிலை எப்போதும் கெல்வின். நேரம் மிச்சம் என்று அலகை விடுகிறவர்கள் அந்த நேரத்தைப் போலப் பத்து மடங்கைத் தவறு தேடுவதில் செலவழிக்கிறார்கள்.

அறிகுறி: லீ சாட்லியர் தத்துவம் ஒப்பிக்க வருகிறது, கேள்வியை மாற்றினால் வரவில்லை

சோதனை: மூடிய கலனில் கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கிச் சமநிலைக்குக் கொண்டுவந்தாயிற்று. உள்ளே இன்னும் கொஞ்சம் கால்சியம் கார்பனேட் போட்டால், வெப்பநிலை மாறாமல், கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் கூடுமா?

கூடாது. திடப்பொருளின் செறிவு மாறுவதில்லை, அதனால் சமநிலை மாறிலிக்குள் அது வருவதே இல்லை. வினைபடு பொருளைச் சேர்த்தால் வலப்பக்கம் நகரும் என்ற வரியை மட்டும் படித்தவர்கள் இங்கே விழுவார்கள். மேலும் ஒன்று கேளுங்கள்: சமநிலையில் வினை நின்றுவிடுகிறதா? இல்லை. போவதும் வருவதும் ஒரே வேகத்தில் நடக்கின்றன. கோயில் திருவிழாவில் மண்டபத்துக்குள் நுழைகிற கூட்டமும் வெளியேறுகிற கூட்டமும் சமமாக இருந்தால் உள்ளே தலைக்கணக்கு மாறாது, ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

சமநிலையும் வினை வேகமும் வேறு வேறு என்பது மனதில் பதிய ஹேபர் முறையை ஒரு மாலை உட்கார்ந்து யோசியுங்கள். இந்த ஒரு வினையில் பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் சந்தித்துக்கொள்கின்றன. மேலே உள்ள எண்களின்படி அம்மோனியா உருவாவது வெப்பம் உமிழும் வினை. வெப்பநிலை குறைவாக இருந்தால்தான் அதிகம் கிடைக்க வேண்டும். 92,000-ஐ 198-ஆல் வகுத்தால் சுமார் 465 கெல்வின், அதாவது 190 டிகிரி செல்சியஸ் அளவில் திட்ட நிலையில் சாதகம் போய்விடுகிறது. ஆனால் தொழிற்சாலையில் 400 முதல் 500 டிகிரியில் நடத்துகிறார்கள். ஏன்? நைட்ரஜனின் முப்பிணைப்பு அவ்வளவு உறுதியானது. குறைந்த வெப்பநிலையில் வினை நடக்கலாம் என்று வெப்ப இயக்கவியல் அனுமதி கொடுத்தாலும், நடந்து முடியக் காத்திருக்க முடியாது. வேகத்துக்காக வெப்பத்தைக் கூட்டி, அதில் இழந்த விளைச்சலை அழுத்தத்தைக் கூட்டி ஓரளவு மீட்கிறார்கள். நான்கு மோல் வாயு இரண்டு மோலாகச் சுருங்குவதால் அழுத்தம் உதவுகிறது. இரும்பு வினையூக்கி வேகத்தை மட்டும் கூட்டும், சமநிலையை ஓர் அணுவும் நகர்த்தாது. ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்துகாட்டியது 1909-இல், கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோய் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது 1913-இல். இடையில் இருந்த நான்கு வருட உழைப்பில் பெரும்பகுதி இந்தச் சமரசத்தை இரும்பிலும் எஃகிலும் கட்டியெழுப்பியதுதான்.

இந்தப் பத்தியை யாருக்காவது புத்தகம் பார்க்காமல் விளக்கிச் சொல்ல முடிந்தால் உங்களுக்குச் சமநிலையில் கோளாறு இல்லை.

அறிகுறி: பிஹெச், வேகவியல், நெர்ன்ஸ்ட் சமன்பாடு மூன்றிலும் கடைசி வரி தப்புகிறது

முதலில் சொன்ன மாணவியின் கதை. மடக்கை. தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, ஆகவே கை பழகியே ஆக வேண்டும். 2-க்கு 0.3010, 3-க்கு 0.4771 இரண்டும் நினைவில் இருந்தால் 4, 5, 6, 8, 9 எல்லாவற்றையும் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

அப்புறம் இரண்டு எண்களின் பிறப்பிடத்தைக் கண்டுபிடியுங்கள். அரை வாழ்வுக் காலத்தில் வரும் 0.693, 2.303-ஐ 0.3010-ஆல் பெருக்கினால் வருவது. நெர்ன்ஸ்டில் வரும் 0.0591, 2.303 × 8.314 × 298-ஐ 96,500-ஆல் வகுத்தால் வருவது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் வெப்பநிலை 298 இல்லாதபோது 0.0591-ஐப் போட மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று: 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 8 என்று வந்தால், அமிலம் காரமாகிவிட்டதே என்று உங்களுக்கு உறுத்த வேண்டும். தண்ணீரே கொடுக்கும் ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டோம். சேர்த்தால் 6.98. உறுத்தினாலே பாதி சரி.

அறிகுறி: மூலக்கூறின் வடிவம் மாறிப்போகிறது

லூயிஸ் அமைப்பை வரையாமல் வடிவத்தை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். மீத்தேன் 109.5 டிகிரி, அம்மோனியா 107, தண்ணீர் 104.5. மூன்றிலும் மைய அணுவைச் சுற்றி நான்கு ஜோடிகள். தனி ஜோடி ஒவ்வொன்று கூடும்போதும் கோணம் சுருங்குகிறது. இருபது மூலக்கூறுகளை வரைந்து பாருங்கள், போதும்.

அறிகுறி: கரிம வினைகள் படித்த மறுநாளே மறந்துபோகின்றன

அதிகம் பேர் அழுவது இங்கேதான். பெயர் வினைகளை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, காலையும் மாலையும் படித்தும் நிற்கவில்லை என்பார்கள். நிற்காது. கரிம வினை ஒரு நிகழ்ச்சி. எலக்ட்ரான் எங்கே அதிகமாக இருக்கிறது, எங்கே குறைவாக இருக்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் படித்தால், நடுவை விட்டுவிட்டுப் படம் பார்த்த மாதிரி.

சோதனை: புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தால் 2-புரோமோபுரோப்பேன் முக்கிய விளைபொருள். ஏன்?

மார்கோனிகாஃப் விதி என்று மட்டும் எழுதினால் அது பெயர், காரணம் அல்ல. இரட்டைப் பிணைப்பில் எலக்ட்ரான் செறிவு அதிகம். அது ஹைட்ரஜனைப் பிடிக்கிறது. ஹைட்ரஜன் ஓரக் கார்பனில் ஒட்டினால் நேர்மின்சுமை நடுக் கார்பனுக்கு வரும். அங்கே இரண்டு பக்கமும் மெத்தில் தொகுதிகள் எலக்ட்ரானைத் தள்ளிக்கொடுத்து அந்தச் சுமையைத் தாங்கும். மாறி ஒட்டினால் சுமை ஓரத்துக்கு வரும், தாங்க ஆள் குறைவு. அதனால் வினை எளிய வழியில் போகிறது, புரோமைடு நடுவில் போய் ஒட்டுகிறது. இதைச் சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பெராக்சைடு சேர்த்தால் ஏன் 1-புரோமோபுரோப்பேன் வருகிறது என்பதும் புரியும். அங்கே முதலில் வந்து ஒட்டுவது புரோமின் தனி உறுப்பு, ஹைட்ரஜன் பின்னால் வருகிறது.

எலக்ட்ரானை யார் தள்ளுகிறார், யார் இழுக்கிறார், யார் பரப்பிவிடுகிறார் என்ற மூன்று கேள்விகள் பிளஸ் டூ கரிம வேதியியலில் வெகுதூரம் கூட வரும். ஃபீனால் எத்தனாலைவிட வலிய அமிலம், காரணம் ஹைட்ரஜன் அயனி போனபிறகு எஞ்சும் எதிர்மின்சுமையைப் பென்சீன் வளையம் பரப்பிவிடுகிறது. மெத்திலமீன் அம்மோனியாவைவிட வலிய காரம், மெத்தில் தொகுதி எலக்ட்ரானைத் தள்ளுகிறது. அனிலீன் அம்மோனியாவைவிட வலிமை குறைந்த காரம், நைட்ரஜனின் தனி ஜோடியை வளையம் தன் பக்கம் பரப்பிக்கொள்கிறது. மூன்று தனித்தனி உண்மைகளாகப் படித்தால் மூன்றையும் மறப்பீர்கள்.

சரிசெய்ய: நாளுக்கு இரண்டே வினை. ஒவ்வொன்றையும் வளை அம்புக்குறி போட்டு எழுதுங்கள். அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு அது போகும் இடத்தில் முடிய வேண்டும். ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பு புறப்பட்டால் திரும்ப எழுதுங்கள், அதனிடம் கொடுக்க எலக்ட்ரானே இல்லை. இதற்கு முன்பாக ஐயுபிஏசி பெயரிடுதலை ஒரு வாரம் முடித்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டதும் அமைப்பை வரைய முடியாதவருக்கு வினை எப்படிப் புரியும்?

அறிகுறி: லேபில் தரம் பார்த்தல் ஒவ்வொரு முறையும் வேறு ரீடிங் தருகிறது

ஒவ்வொன்றாகப் பாருங்கள். பியூரெட்டின் நுனிக்குழாயில் காற்றுக் குமிழ் இருக்கிறதா? நடுவில் அது வெளியேறினால் ரீடிங் கூடிவிடும். பியூரெட்டையும் பிப்பெட்டையும் அந்தந்தக் கரைசலால் கழுவ வேண்டும், கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும். குடுவையை அமிலக் கரைசலால் கழுவினால் கணக்கில் வராத மோல்கள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள், அதை விட்டுத்தான் பிப்பெட்டை அளவிட்டிருக்கிறார்கள்.

பெர்மாங்கனேட்டுக்கு மட்டும் சில தனிக் கவனங்கள். கரைசல் அடர்நிறம் என்பதால் கீழ்ப்பிறை தெரியாது, மேல் விளிம்பைப் படிக்கிறோம். தொடக்கத்தையும் முடிவையும் ஒரே விளிம்பில் படித்தால் போதும். ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும், மோர் உப்பை (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) சூடாக்கக் கூடாது, அதன் இரும்பு காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். முதல் சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பு போகாமல் நிற்கும். முடிநிலை வந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் நிறம் போகும். அதில் உருவான மாங்கனீசு +2 அயனியே வினையூக்கியாக மாறுவதால், அடுத்த சொட்டுகளின் நிறம் விழுந்ததும் மறையும். இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத் தன்வினையூக்கம் மறப்பதில்லை.

பழுப்பு நிறமாகக் கலங்கினால் நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை, அல்லது பெர்மாங்கனேட்டை வேகமாகத் திறந்துவிட்டீர்கள். மாங்கனீசு +2 வரை இறங்காமல் +4-இலேயே நின்று மாங்கனீசு டை ஆக்சைடாகிவிட்டது. அந்தக் குடுவையில் 5 எலக்ட்ரான் கணக்கு இனிச் செல்லாது, அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து ரீடிங்கைக் கூட்டிவிடும், அதனால் பாட்டிலின் லேபிளை இரண்டு முறை படியுங்கள்.

முடிவு நெருங்கும்போது ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள் வைத்துப் பார்த்தால் வெளிறிய இளஞ்சிவப்பு தெரியும். அது அரை நிமிடம் மறையாமல் நின்றால் ரீடிங் எடுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் வந்து நின்றால் நோட்டில் எழுதலாம்.